இரண்டாவது குண்டு

அத்தியாயம் 5

ஒரு சாணும் கொஞ்சமும் நீளமுள்ள ஸ்ப்ரிங் அது. பழைய பேனாவுக்குள் இருப்பதன் பெரியப்பா மாதிரி மேசைமேல் கிடந்தது. அது ஒரு மனுஷனை நாலு மணிக்கு ஜெயிலுக்கு அனுப்பப் போகிறது என்றால் நம்பவா முடியும்?

லொடுக்கு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு நாற்பது.

லொடுக்கு என்பது முதலில் அவனுடைய ஸ்கூட்டருக்கு வைத்த பெயர். வண்டிச் சத்தமும் அவன் வாயும் ஒன்றுபோல ஓயாமல் ஓடுவதைப் பார்த்து யாரோ அதை அவனுக்கும் ஒட்டிவிட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல் வேறு பெயர் தேட அவனுக்கும் சோம்பல்.

அவனுடைய முதலாளி டீச்சர். பதினெட்டு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டு, துப்பறிய வந்து ஆறு வருஷம் ஆகியும், யாரும் அவரை வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. பொய் சொல்கிற பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் பார்த்தவர். அவர் முன்னால் பெரிய மனிதர்கள்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

இப்போது அப்படிக் கட்டிக்கொண்டு நின்றவர் மெக்கானிக். பல இடங்களுக்குக் காவலாளிகளை அனுப்பும் இந்த நிறுவனத்தின் துப்பாக்கிகளை எல்லாம் கழற்றி, துடைத்து, பழுது பார்க்கிறவர். ஆயுத அறையின் சாம்பல் நிறக் கம்பிக் கதவை ஒட்டி, ஒரு ஸ்டூலில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். டீச்சரின் பக்கத்து வீட்டுக்காரி. காலையில் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து, "டீச்சர், என் வீட்டுக்காரரைக் காப்பாத்துங்க" என்று கதவைத் தட்டியவள்.

நடந்தது இதுதான். நேற்று விடியற்காலையில் குவாரி வெடிமருந்துக் கிடங்கின் வேலியைத் தாண்டி மூன்று பேர் குதித்தார்கள். காவலாளி ஒரு தடவை வானத்தைப் பார்த்துச் சுட்டார். அவர்கள் நிற்கவில்லை. மறுபடியும் விசையை அழுத்தினார். துப்பாக்கி ஊமையாகிவிட்டது. இரும்புக் கம்பியால் தலையில் ஒரே அடி. சைரன் அலறியதில் திருடர்கள் வெறுங்கையோடு ஓடினார்கள். காவலாளி இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்த மேனேஜர் இந்த ஸ்ப்ரிங்கைக் கண்டுபிடித்தார். கிழட்டு ஸ்ப்ரிங். ஆனால் பதினோரு வாரத்துக்கு முன்னால்தான் புதுசு போட்டதாக ரிஜிஸ்டரில் மெக்கானிக் எழுதியிருக்கிறார். மாற்றாமலே மாற்றியதாக எழுதியிருக்கிறார், திருடர்களோடு கூட்டு என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். நாலு மணிக்குப் போலீஸ் ஜீப் வரும்.

"இந்த ஸ்ப்ரிங் என்ன வேலை செய்யுது? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"துப்பாக்கியோட பின்கட்டைக்குள்ள இருக்கும், டீச்சர். குண்டு வெடிச்ச வேகத்துல உள்ள இருக்கிற இரும்பு பின்னால ஓடி வரும். இதுதான் அதைத் தாங்கிப் பிடிச்சு, திரும்ப முன்னால தள்ளும். தள்ளுற தள்ளுல அடுத்த குண்டு ஏறணும். ஸ்ப்ரிங்ல பலம் இல்லேன்னா பாதி ஏறி நின்னுரும்."

"அதாவது முதல் குண்டு வெடிக்கும்."

"அதைக் கையால இழுத்து ஏத்துறோம், அது வெடிச்சிரும். ரெண்டாவதுதான் சந்தேகம்."

"எப்ப மாத்தணும்?"

மெக்கானிக்கின் குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் தெம்பு வந்தது. வேலையைப் பற்றிக் கேட்டால் எந்த மனுஷனுக்கும் முதுகு நிமிரும். "ஐயாயிரம் குண்டு தாண்டிட்டா கேள்வியே இல்லை, மாத்திருவேன். ஆனா அதுக்கு முன்னாடியே அது நம்மகிட்டச் சொல்லிரும். இழுத்து விட்டா டப்புனு மூடணும். சோம்பல் முறிச்சுக்கிட்டு மூடுச்சுன்னா அதுக்கு வயசாயிருச்சுன்னு அர்த்தம். அப்புறம் நீளம். புதுசு பதினொண்ணேகால் அங்குலம். அழுந்தி அழுந்தி, வருஷம் போகப் போகக் குறுகும். பத்துக்குக் கீழ இறங்கிட்டா தூக்கிக் குப்பையில போட்டுருவேன். இந்த மேசையிலேயே அளக்குறதுதான்."

மேசை ஓரத்தில் ஒரு எஃகு அடிக்கோலை நாலு ஆணி அடித்துப் பதித்திருந்தார். தேய்ந்து பளபளவென்று இருந்தது. டீச்சர் அந்த ஸ்ப்ரிங்கை அதன் பக்கத்தில் வைத்தார். ஒன்பதரை.

"பதினோரு வாரத்துல ஒண்ணேமுக்கால் அங்குலம் குறையுமா?"

"குறையாது, டீச்சர். அதனாலதான் எனக்கே புரியல. நான் மாத்தினேன். சத்தியமா மாத்தினேன்."

சத்தியம் என்ற சொல் வந்தால் டீச்சர் கொட்டாவி விடுவார். இப்போதும் விட்டார். "ரிஜிஸ்டர் எங்கே?"

"இதோ, மேடம்" என்று ஒரு குரல். மெக்கானிக்கின் மச்சினன், அதாவது அந்த அம்மாளின் தம்பி. இதே கட்டடத்தில் பக்கத்து அறையான ஸ்டோருக்குக் கிளார்க். முப்பது வயது இருக்கும். காலையிலிருந்து அக்காவுக்குத் தண்ணீர், டீச்சருக்கு நாற்காலி, லொடுக்குக்கு டீ என்று கால் தரையில் பாவாமல் ஓடிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

டீச்சர் பக்கத்தைப் புரட்டினார். விரலால் ஒரு பத்தியை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். திடீரென்று விரல் நின்றது.

"லொடுக்கு, இதைப் படி."

"போன வருஷம் போட்ட ஸ்ப்ரிங் எல்லாம் வரிசையா இருக்கு, டீச்சர். பதினொண்ணேகால், பதினொண்ணேகால், பதினொண்ணேகால். மந்திரம் மாதிரி எழுதியிருக்காரு."

"கடைசி அஞ்சு?"

"பத்தேமுக்கால். பதினொண்ணரை. பதினொண்ணு. பதினொண்ணேமுக்கால். பத்தரை." லொடுக்கு தலையைச் சொறிந்தான். "இதென்ன, ஒரு வயித்துல பொறந்த அஞ்சு பேரும் ஆளுக்கொரு உயரமா இருக்காங்க?"

"மனுஷன் வயித்துல பொறந்தா அப்படி இருக்கலாம். மிஷின்ல பொறந்தா?" டீச்சர் மேனேஜர் அறைப் பக்கம் தலையை ஆட்டினார். "மாத்தாமலே மாத்தினேன்னு பொய் எழுதுறவன், உக்காந்து யோசிச்சு அஞ்சு விதமா எழுதுவானா? அஞ்சு தடவை பதினொண்ணேகால்னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். இவர் அளந்து பார்த்து, கண்ணுக்குத் தெரிஞ்சதை எழுதியிருக்கார்."

ஸ்டூலில் இருந்த அம்மாள் சட்டென்று எழுந்து நின்றாள். "அப்போ அவர் மேல தப்பு இல்லையா, டீச்சர்?"

"பொய் இல்லைன்னுதான் சொன்னேன். தப்பு இருக்கா இல்லையான்னு இன்னும் தெரியல. உக்காரும்மா." டீச்சர் மெக்கானிக்கிடம் திரும்பினார். "அஞ்சும் அஞ்சு நீளமா இருக்கேன்னு உங்களுக்கு உறுத்தலையா?"

"உறுத்துச்சு. ஆனா ஒட்டின பாக்கெட்டுல வந்துச்சு. எல்லாம் பத்துக்கு மேல இருந்துச்சு. ஒவ்வொரு துப்பாக்கியிலும் அஞ்சு குண்டு சுட்டும் பார்த்தேன், மடமடன்னு போச்சு. அப்புறம் என்ன சந்தேகம்?"

"பாக்கெட் எத்தனை?"

"ஆறு. ஒரு துப்பாக்கி வேற ரிப்பேர்ல கிடந்ததால ஒண்ணு மிச்சம். டிராயர்லதான் இருக்கு."

டீச்சரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. லொடுக்குக்கு அந்த வெளிச்சம் தெரியும். யாருக்கோ பரீட்சை வைக்கப் போகிறார்.

"தம்பி" என்று மச்சினனைக் கூப்பிட்டார். "இந்த ஆறும் ஆர்டர் போட்ட தாளும், வந்து சேர்ந்த தாளும் ஸ்டோர்ல இருக்குமில்ல? எடுத்துட்டு வாங்க. எந்தக் கம்பெனின்னு பார்க்கணும்."

"இருக்கு மேடம். இப்பவே" என்று அவன் ஓடினான்.

லொடுக்கு குனிந்து டீச்சரின் காதில் சொன்னான்: "எனக்குப் புரிஞ்சு போச்சு. மேனேஜர் எங்கேயோ மட்டமான சரக்கு வாங்கியிருக்காரு. குட்டு உடையறதுக்கு முன்னாடி இவரை மாட்டி விடுறாரு. பந்தயம் கட்டுறேன்."

"என்ன பந்தயம்?"

"என் ஸ்கூட்டர்."

"ஜெயிச்சா நீ எடுத்துக்கோ. தோத்தாலும் நீயே வச்சுக்கோ" என்றார் டீச்சர்.

மூன்று பத்து. மெக்கானிக் ஆறாவது பாக்கெட்டைப் பிரித்தார். எண்ணெய் பூசிய ஸ்ப்ரிங் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அடிக்கோலில் சரியாகப் பதினொன்று. டீச்சர் அதைத் துப்பாக்கிக் குழாயைத் துடைக்கிற நீளமான கம்பியில் கோத்து, லொடுக்கின் கையில் கொடுத்தார்.

"அமுக்கு. எவ்வளவு அமுங்குதோ அவ்வளவும். விடு. மறுபடி அமுக்கு. முப்பது தடவை."

"டீச்சர், நான் காலையில ஒரு இட்லிகூடச் சாப்பிடாம வந்திருக்கேன். இந்த உடம்புல முப்பதா?"

"பேசாம எண்ணு."

அவன் எண்ணினான். பத்தில் மூச்சு வாங்கியது. இருபதில் உள்ளங்கை சிவந்தது. இருபத்திரண்டில் அவன் பேச்சை நிறுத்தினான். முதலில் கையை முட்டித் தள்ளிய ஸ்ப்ரிங் இப்போது ஏனோதானோவென்று எழுந்து வந்தது. உடம்பு சரியில்லாதவன் கட்டிலை விட்டு எழுகிற மாதிரி.

முப்பது ஆனதும் டீச்சர் அதைக் கழற்றி அடிக்கோலில் வைத்தார். அறையில் இருந்த நாலு தலையும் ஒன்றாகக் குனிந்தன.

ஒன்பதே முக்கால்.

"நாய் வாலை நிமிர்த்திக் கட்டினாப்ல ஆச்சே!" என்றான் லொடுக்கு.

"அதேதான்" என்றார் டீச்சர். "இது புதுசு இல்லை. செத்துப்போன ஸ்ப்ரிங்கை யாரோ கையால இழுத்து, நீளமாக்கி, எண்ணெய் பூசிப் பாக்கெட்டுல போட்டிருக்காங்க. அஞ்சு குண்டு சுட்டுப் பார்க்கிற வரைக்கும் தாங்கும். அப்புறம் துப்பாக்கிக்குள்ள பதினோரு வாரம் அமுங்கிக் கிடந்தா, பழைய புத்திக்கே திரும்பிரும்."

இதைக் கேட்டதும் மெக்கானிக் சந்தோஷப்படுவார் என்று லொடுக்கு எதிர்பார்த்தான். அவர் கழுத்தில் இருந்த கயிறு இளகிவிட்டதே! ஆனால் மெக்கானிக்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"டீச்சர்" என்றார். "அப்போ மத்த நாலும்? மத்த நாலு துப்பாக்கியும் இந்த நிமிஷம் டியூட்டியில இருக்கு. அதுல ஒண்ணு அதே கிடங்குல. அடிபட்டவருக்குப் பதிலா இன்னிக்குக் காலையில அனுப்பினோம்."

வந்த வேலை வேறு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

"யார் யார் கையில எந்தத் துப்பாக்கி, அவங்க போன் நம்பர் எல்லாம் எங்கே இருக்கு?"

"ஸ்டோர்ல. மாப்ளகிட்ட."

"ஒரு தாள் எடுக்கப் போன ஆளை இன்னும் காணோமே" என்றார் டீச்சர். சொல்லிக்கொண்டே ஆறாவது ஸ்ப்ரிங்கின் கடைசி வளையத்தைத் துணியால் துடைத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். அந்த வளையத்தின் உள்பக்கம் கடுகளவு பச்சை பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதரை அங்குல ஸ்ப்ரிங்கையும் எடுத்துத் துடைத்தார். அதிலும் அதே இடத்தில் அதே பச்சை.

"லொடுக்கு, ஸ்ப்ரிங்கைக் கையால இழுக்கணும்னா ஒரு முனையை எதிலாவது மாட்டித்தான் இழுக்கணும். போய் நம்பர் தாளை வாங்கிட்டு வா. போற வழியில பச்சையா என்ன இருக்குன்னு பாரு."

அவன் ஓடினான். ஆயுத அறைக் கம்பி சாம்பல் நிறம். மேனேஜர் அறை ஜன்னலுக்குக் கம்பியே கிடையாது, கண்ணாடிதான். ஸ்கூட்டர் பந்தயம் அந்த இடத்திலேயே கையை விட்டுப் போயிற்று. ஸ்டோர் கதவைத் தள்ளினான்.

மச்சினன் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். கோப்பில் ஒரு தாளும் இல்லை. அவனுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னல் முழுக்கப் பச்சைக் கம்பி. மூன்றாவது கம்பியில் மட்டும், இடுப்பு உயரத்தில், ஒரு விரல் அகலத்துக்குப் பெயின்ட் உரிந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

லொடுக்கு அந்தக் கம்பியைப் பார்த்தான். மச்சினன் லொடுக்கைப் பார்த்தான்.

காலையிலிருந்து நாலு டீ வாங்கிக் கொடுத்த கை கோப்பின் அட்டையை மூடியது. லொடுக்குக்கு அவன்மேல் கோபம் வருவதற்குப் பதில் பாவமாக இருந்தது. அதற்காக அவனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"நம்பர் தாளை எடுத்துக்கிட்டு வா" என்றான். "உங்க அக்கா காத்துக்கிட்டிருக்காங்க."

*

மச்சினன் எதையும் மறைக்கவில்லை. மறைக்கத் தெம்பில்லை.

"ஆர்டர் போட மறந்துட்டேன், மேடம். வருஷாந்தர ஆய்வுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது மாமா வந்து ஸ்ப்ரிங் கேட்டாரு. அப்பத்தான் நெனப்பே வந்துச்சு. அதுக்கு மேல ஆர்டர் போட்டா வர ரெண்டு மாசம். ஏற்கெனவே ரெண்டு மெமோ வாங்கியிருக்கேன். மூணாவது வந்தா வேலை போயிரும்."

"அதனால?"

"மாமா கழிச்சுப் போட்ட பழைய ஸ்ப்ரிங் எல்லாம் இரும்புக்குப் போட ஸ்டோருக்குத்தான் வரும். அதுல ஆறு எடுத்து மண்ணெண்ணெயில கழுவினேன். ஜன்னல்ல மாட்டி இழுத்தேன். பழைய பாக்கெட் இருந்துச்சு, அதுல போட்டு ஓரத்தை மெழுகுவத்தியில காட்டி ஒட்டிட்டேன்." அவன் மெக்கானிக்கின் காலைப் பார்த்தே பேசினான். "மாமா எப்பவும் பத்து அங்குலம், பத்து அங்குலம்னுதானே சொல்வாரு. நீளம் வந்துட்டாப் பலமும் வந்துரும்னு நெனச்சேன், மேடம். யாருக்கும் அடிபடும்னு நெனக்கவே இல்லை."

மெக்கானிக் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. "நீ கொடுத்ததுன்னுதானேடா மாப்ளே நான் மேல யோசிக்கல" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் தேவலை என்று லொடுக்குக்குத் தோன்றியது.

எல்லார் கண்ணும் அந்த அம்மாள் பக்கம் போயிற்று. புருஷனைக் காப்பாற்றக் கூட்டி வந்த டீச்சர், தம்பியைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து தம்பியின் முன்னால் நின்றாள்.

"நேத்து ராத்திரி எங்க வீட்டுல உக்காந்து இவருக்கு ஆறுதல் சொன்னியே. அப்பவும் உனக்குத் தெரியும்."

அவன் கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"அழறதை அப்புறம் வச்சுக்கோ. போனை எடு. அந்த நாலு பேருக்கும் நீயே பேசு. உன் வாயால சொல்லு."

மூன்று இருபத்தெட்டு. முதல் ஆள், தொழிற்சாலை வாசலில் காவல் இருப்பவர், உடனே எடுத்தார். துப்பாக்கியைப் பூட்டி வைக்கிறேன் என்றார். இரண்டாவது ஆள் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வைத்தார். மூன்றாவது ஆள் "சரி" என்றார். நாலாவது கிடங்கு.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மச்சினன் மறுபடி போட்டான். லொடுக்கு எண்ணினான், ஒன்பதாவது மணியில் யாரோ எடுத்தார்கள். டீச்சர் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"சீக்கிரம் சொல்லு" என்றது ஒரு தாழ்ந்த குரல். "கேட்டுக்கு வெளியில பைக்குல ரெண்டு பேர் அரை மணி நேரமா நிக்கிறாங்க. இப்ப ஒருத்தன் இறங்கி வேலிப் பக்கம் போறான். நான் போய்ப் பார்க்கிறேன். பயப்படாதே, கையில துப்பாக்கி இருக்கு."

மச்சினன் போனை அக்காவிடம் நீட்டினான். அவன் அக்கா அவனுடைய தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள்.

"அண்ணே, போகாதீங்க!" அவன் கத்தியே விட்டான். "அந்தத் துப்பாக்கி ஒரு தடவைதான் வெடிக்கும். ரெண்டாவது குண்டு ஏறாது. நான்தான் அண்ணே பழைய ஸ்ப்ரிங்கை இழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நேத்து அவருக்கு ஆனதும் அதனாலதான். உள்ள போய்க் கதவைப் பூட்டிக்குங்க. சைரனைப் போடுங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கிறேன்."

எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதை நம்புவதா வேண்டாமா என்று ஒரு மனுஷன் யோசிக்கிற நேரம் அது. லொடுக்கு தன்னை அறியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு ஓடுகிற காலடி. இரும்புக் கதவு அறைந்து மூடியது. தாழ்ப்பாள். அதற்கப்புறம் சைரன், காதைப் பிளந்துகொண்டு. சைரனுக்கு அடியில் எங்கேயோ ஒரு பைக் உறுமிக் கிளம்பித் தூரத்தில் தேய்ந்தது.

"ஓடிட்டானுங்க" என்றது குரல். கொஞ்ச நேரம் கழித்து, "நான் உள்ளதான் இருக்கேன்" என்றது.

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் மேனேஜர் அறைக்குப் போய் ஐந்து நிமிஷம் பேசினார். என்ன பேசினாரோ, மேனேஜர் வெளியே வந்தபோது பரீட்சையில் பெயிலான பையன் மாதிரி இருந்தார். நல்ல துப்பாக்கிகளோடு இரண்டு ஆட்களைக் கிடங்குக்கு அனுப்பினார். மெக்கானிக்கைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜீப் சொன்னபடி நாலு மணிக்கு வந்தது. இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் கையில் ஒரு தாள் வைத்திருந்தார்.

"மெக்கானிக் யாரு? கிளம்புங்க."

மெக்கானிக் எழுந்து நின்றார். மச்சினன் நின்ற இடத்திலேயே நின்றான். முன்னால் வர வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. கால்தான் வரவில்லை. டீச்சர் பேச வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மாள் கணவனுக்கும் போலீஸுக்கும் நடுவில் வந்துவிட்டாள்.

"இவர் இல்லை, சார். என் தம்பி."

அவள் மச்சினனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஜீப்பின் பின்பக்கம் நிறுத்தினாள். அவன் ஏறினான். சப்-இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தப் போனார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, நீங்க எதுக்கு? உங்க வீட்டுக்காரர்தான் தப்பிச்சுட்டாரே."

"அவர் வீட்டுக்குப் போகட்டும், சார். சாவி அவர்கிட்டதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே ஏறித் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இவன் தனியாப் போனா பயந்துருவான்."